இடுப்பு உயரத்தில் ஒரு கேமரா: பயிற்சியாளர்களிடம் வி.ஆர். கருவியைக் கொண்டுபோன அனுபவம்

காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் உள்ள ஓர் ஊரில், அரசு உதவி பெறும் பள்ளியொன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். 2023 பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், "பிள்ளைகளுக்குப் பயன்படட்டும் சார்" என்று சொல்லி, தாம் பயன்படுத்தி வந்த குவெஸ்ட் 2 என்ற வி.ஆர். (மெய்நிகர் காட்சி) கருவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தலையில் மாட்டிக்கொண்டால் நாம் நிற்கும் இடத்தை மறைத்து வேறோர் இடத்தையே கண்முன் விரித்துக் காட்டும் அந்தக் கருவியைப் பார்த்த அன்றே, எங்கள் வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கபடியும் வாலிபாலும் கிரிக்கெட்டும் சொல்லித்தரும் பயிற்சியாளர்கள் எல்லாரும் இதை ஆவலோடு ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பினேன். அப்படி நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஓராண்டு பிடித்தது. அந்த ஓராண்டில் கற்றதை, இதே முயற்சியில் இறங்க நினைக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்காகவும் ஊர்க் குழுக்களை நடத்துகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

அறிமுகக் கூட்டத்தை அந்த மாணவரின் பூர்வீக வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். நகரத்தார் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வளவு, நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் பர்மாத் தேக்குத் தூண்கள், காலடியில் வழவழப்பான ஆத்தங்குடிக் கல். இடம் விசாலமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவில்லை. சுற்றுவட்டாரப் பயிற்சியாளர்களை அழைத்திருந்தேன். அவர்களோடு அவர்களிடம் பயிலும் பிள்ளைகளும் வந்து தூண்களை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரிலும் மூத்தவரான கபடி மாஸ்டர்தான் முதலில் மாட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். மரியாதை என்று நினைத்துத்தான் அப்படிச் செய்தேன். கருவியில் ஏற்கெனவே இருந்த ராட்டினக் காட்சி ஒன்றை ஓடவிட்டேன். உயரத்திலிருந்து வண்டி சரிந்து இறங்கும் இடம் வந்தபோது மாஸ்டரின் உடல் முன்னால் சாய்ந்தது. அவர் கையை நீட்டித் தூணைத் தேடினார். தூண் அங்கே இல்லை. நான் ஓடிப் பிடித்துக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

அவர் கருவியை மெல்லக் கழற்றி என் கையில் கொடுத்தார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு தம்பி" என்று மட்டும் சொன்னார். வந்த காப்பியைக்கூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதன்பிறகு ஏழு மாதங்கள் இந்தக் கருவியைப் பற்றி அவரிடம் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை.

அந்தத் தள்ளாட்டத்துக்கு வயதோ துணிவோ காரணமில்லை. கண் விழுகிறோம் என்கிறது. உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு நிற்கிறோம் என்கிறது. இரண்டு செய்திகளும் முரண்படும்போது மூளை தடுமாறுகிறது, தலை சுற்றுகிறது, சிலருக்குக் குமட்டலும் வருகிறது. ஓடும் பேருந்தில் புத்தகம் படிப்பவருக்கு நேர்வதும் இதே முரண்பாடுதான். அங்கே உடல் அசைகிறது, கண் அசைவில்லை என்கிறது. ஆகவே முதல் முறை மாட்டுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். காட்சி நகராத காட்சியாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடங்களுக்கு மேல் போகக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பயிற்சியாளருக்கு இதை முதன்முதலில் காட்டும்போது அவருடைய மாணவர் ஒருவர்கூடப் பக்கத்தில் இருக்கக்கூடாது. முப்பது ஆண்டுகளாக ஒரு சொல்லால் பிள்ளைகளை ஓடவும் நிற்கவும் வைத்தவர், அவர்கள் முன்னால் தூணைத் தேடித் துழாவும்படி ஆக்கியது நான் செய்த பெரிய பிழை. அதை இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

தொழில்நுட்பத்தை மக்கள் ஏன் ஏற்கிறார்கள், ஏன் தள்ளுகிறார்கள் என்பது பற்றி அந்த மாதங்களில் கொஞ்சம் படித்தேன். அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ் 1989-இல் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு நம்பிக்கைகளை முன்வைக்கிறார்: இது என் வேலைக்குப் பயன்படும் என்ற நம்பிக்கை ஒன்று, இதை நான் சிரமமின்றிக் கையாள முடியும் என்ற நம்பிக்கை மற்றொன்று. 2003-இல் விஸ்வநாத் வெங்கடேஷும் டேவிஸ் உள்ளிட்ட மற்றவர்களும் சேர்ந்து, நம்மைச் சுற்றி இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதையும், பயன்படுத்துவதற்கான வசதிகள் இருக்கின்றனவா என்பதையும் அதனோடு சேர்த்தார்கள். அலுவலகக் கணினிகளை மனத்தில் வைத்து உருவான சிந்தனைகள் இவை என்றாலும், எங்கள் வட்டாரப் பயிற்சியாளர்கள் குறுவட்டப் போட்டி முடிந்து டீக்கடையில் நின்று பேசியதைக் கேட்டபோது, அதே கேள்விகள் வேறு சொற்களில் வந்தன. "இது எனக்கு என்னத்துக்கு ஆகும்?" "இங்கிலீஷ்ல என்னமோ கேக்குது, எதை அமுக்குறது?" "கரண்டு இல்லாத அன்னைக்கு?" "பையன் விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டா அவங்க அப்பன் மெஷினைக் கேப்பானா, என்னையக் கேப்பானா?" கடைசிக் கேள்வியைக் கேட்டவர் பெண்களுக்கு வாலிபால் பயிற்சி தரும் டீச்சர். அதற்கான விடை எந்தக் கட்டுரையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

பயிற்சியாளர்கள் புதுமைக்கு எதிரானவர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. கபடி மாஸ்டரே ஒரு காலத்தில் 'மேட்' எனப்படும் செயற்கை விரிப்பை எதிர்த்தவர். மண்ணில் ஆடிப் பழகிய கால் மேட்டில் சிக்கிக்கொள்ளும், முட்டி போய்விடும் என்று சொல்லி வந்தார். போட்டிகள் மேட்டுக்கு மாறி, மண்ணில் மட்டும் ஆடிய நம் பிள்ளைகள் வெளியூரில் போய் வழுக்கி விழுந்ததைப் பார்த்தபிறகு, தாமே அலைந்து பழைய மேட் வாங்கிவந்து விரித்தார். அவர் சொன்ன முட்டிப் பிரச்சினையும் பொய்யாகவில்லை. அதற்கென்று தனிப் பயிற்சிகளைச் சேர்த்துக்கொண்டார். இந்திய ஹாக்கிக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. புல்தரையில் வளர்ந்த இந்திய அணி ஏழாம் இடத்துக்கு இறங்கியது. கிரிக்கெட்டில் நடுவர் முடிவை மறுபரிசீலனை செய்யும் டி.ஆர்.எஸ். முறை 2008-இல் இந்தியா–இலங்கை டெஸ்ட் தொடரில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது; பந்தின் பாதையைக் கணிக்கும் முறையில் நம்பிக்கையில்லை என்று இந்திய வாரியம் பல ஆண்டுகள் அதை ஏற்காமலிருந்து, 2016-இல் இங்கிலாந்து தொடரின்போதுதான் பயன்படுத்திப் பார்க்கச் சம்மதித்தது. இடையில் அந்த முறையும் மேம்பட்டிருந்தது. மறுப்பவரின் காரணத்தைக் கேட்டால் கருவியும் சீராகும் என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன். நான் அதுவரை காரணத்தைக் கேட்கவே இல்லை. கருவியின் அதிசயத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

வழி திறந்தது வாலிபாலில். டீச்சரிடம் இந்த முறை கருவியைக் கொண்டுபோகாமல், "உங்க பிள்ளைங்ககிட்ட எந்த ஒரு குறை திருந்தவே மாட்டேங்குது?" என்று கேட்டேன். அவர் யோசிக்காமலே பதில் சொன்னார்: "நடுவுல பிளாக் போற பொண்ணு பந்தையே பாக்குது சார். செட்டரோட கையைப் பாரு, கையைப் பாருன்னு தொண்டை வறளக் கத்துறேன். அது பந்து போனப்புறம்தான் குதிக்குது." எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே குதித்துக் கைகளால் தடுப்பதுதான் பிளாக். பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர். அதற்கு அந்தப் பக்கம் நின்று, அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்தான் செட்டர். அவர் பந்தை இடது ஓரத்துக்குக் கொடுப்பாரா, நடுவில் குட்டையாகக் கொடுப்பாரா, பின்னால் தள்ளுவாரா என்பதை அவருடைய இடுப்பும் மணிக்கட்டும் பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே காட்டிக்கொடுத்துவிடும். அனுபவம் உள்ளவர் கண் அங்கே போகும். பழகாதவர் கண் பந்தோடு மேலே போகும்.

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கும் நண்பரிடம் சுற்றிலும் 360 பாகையையும் பதிவுசெய்யும் சிறு கேமரா ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமைக்கு இரவல் வாங்கி, வலைக்கு இந்தப் பக்கம் பிளாக்கர் நிற்கும் இடத்தில், அவர் கண் உயரத்துக்கு ஒரு தடியில் பொருத்தினோம். அந்தப் பக்கம் மூத்த மாணவியர் நின்று செட் செய்தார்கள். பதிவானதைத் துண்டு துண்டாக வெட்டி, செட்டரின் விரல் பந்தைத் தொடும் கணத்தில் காட்சி கறுப்பாகும்படி செய்தேன். கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் "இடது", "நடு", "பின்னால்" என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறகுதான் முழுக் காட்சியையும் காட்டுவோம். காட்சியைப் பாதியில் மறைத்து முன்கணிப்பைப் பழக்கும் இந்த முறை புதிதில்லை. விளையாட்டு உளவியலில் சாதாரணத் திரைப்படங்களைக் கொண்டே நெடுங்காலமாகச் செய்துவரும் ஒன்று. வி.ஆர். கருவி அதோடு சேர்ப்பது, பார்ப்பவர் தாம் ஆட்டத்தில் நிற்கும் அதே இடத்திலிருந்து, தலையைத் திருப்பினால் அதே பக்கம் தெரியும்படி பார்க்கிறார் என்பதை மட்டுமே.

அமெரிக்கக் கால்பந்திலும் இப்படித்தான் இது நுழைந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அணியில் ஆடி, பின்னர் அதே அணியில் உதவிப் பயிற்சியாளராக இருந்த டெரெக் பெல்ச், அங்கே வி.ஆர். ஆய்வுக்கூடம் நடத்திவந்த ஜெரமி பெய்லன்சனின் துணையோடு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர் நிற்கும் இடத்தில் கேமராவை வைத்துப் பயிற்சியைப் பதிவுசெய்து, 2015-இல் ஸ்ட்ரைவர் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். களத்துக்குள்ளேயே இருந்த ஒருவர், களத்தில் எழுந்த தேவைக்காகச் செய்தது அது. பயிற்சியாளரின் குறையிலிருந்து தொடங்க வேண்டும் என்ற முடிவுக்கு நான் வந்தது டீச்சரின் ஒரு வாக்கியத்தால்தான் என்றாலும், அங்கும் அதுவே நடந்திருக்கிறது என்று அறிந்தபோது எனக்குத் தெம்பு வந்தது.

இதில் டீச்சரின் மனத்தை மாற்றிய ஒன்று உண்டு. முதல் நாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பிள்ளை எதைப் பார்க்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாதபோது எதைத் திருத்துவது? மறுவாரம் என் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் கருவியை இணைத்து, பிள்ளை காண்பது அப்படியே கைப்பேசித் திரையிலும் தெரியும்படி செய்து, அவர் கையில் கொடுத்தேன். அந்த நிமிடத்திலிருந்து வகுப்பு அவருடையது ஆனது. "பாத்தியா, இப்ப மேல போயிட்ட. கீழ வா. கையைப் பாரு" என்று திரையைப் பார்த்தபடியே அவர் சொல்ல, அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலேயே தலையைத் தாழ்த்தியது. பயிற்சியாளரைப் பிள்ளையிடமிருந்து பிரித்துவைக்கும் எந்தக் கருவியையும் நல்ல பயிற்சியாளர் ஏற்கமாட்டார். ஏற்கவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, வி.ஆர். கருவி வாங்க நினைப்பவர்கள் முதலில் சரிபார்க்க வேண்டியது இந்தத் திரைப்பகிர்வு வசதி தங்கள் இடத்தில் தடையின்றி வேலை செய்கிறதா என்பதையே. படத் தெளிவும் விளையாட்டு எண்ணிக்கையும் அப்புறம்தான்.

மாஸ்டர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார். ஆகஸ்டு மாதத்தில் ஒரு மாலை, எங்கள் பள்ளி மைதானத்தின் வேலி ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். நான் முதலில் அன்று நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடு தம்பி" என்றவர், "ரெய்டு போறவனுக்கு இது எதுவும் ஆகுமா?" என்று கேட்டார். பிடிக்கு இது ஆகாது என்று நானே சொல்லிவிட்டேன். கபடி தொட்டு ஆடும் ஆட்டம். கணுக்காலில் கை விழும் பாரத்தையும், தொடையில் தோள் மோதும் வேகத்தையும் எந்தக் கண்ணாடியும் தர முடியாது. ஆனால், எதிரே ஏழு பேர் நிற்கும்போது யார் முதலில் உள்ளே வரப்போகிறார் என்பதைப் பார்க்கப் பழக்கலாம் என்றேன். குறையை ஒளிக்காமல் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

மறுநாள் மேட்டில் போனஸ் கோட்டுக்கு அருகே கேமராவை நட்டேன், வாலிபாலில் வைத்த அதே உயரத்தில். மாஸ்டர் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ரெய்டு போறவன் நிமிந்தா போவான்?"

அவர் கேட்டது முழுக்கச் சரி. ரெய்டர் முழங்காலை மடக்கி, முதுகைத் தாழ்த்திப் போகிறான். அவன் கண் நிற்பவனின் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். அங்கிருந்து பார்த்தால் எதிராளியின் முகம் தெரிவதைவிட முழங்காலும் பாதமும் தெளிவாகத் தெரியும். கேமராவை இறக்கினோம். அடுத்து இன்னொன்று சொன்னார்: "ஆளே இல்லாம குச்சியைப் பாத்து எவன் வருவான்?" தடிக்குப் பின்னால் ஒரு ரெய்டரை நிறுத்தி, அவனை இரு பக்கமும் கையும் காலும் நீட்டி ஏமாற்றச் சொன்னார், உடனே எதிரணியின் அசைவு உண்மையான அசைவாக மாறியது. இடையில் நான் ஒரு யோசனை சொல்லி, கேமராவை ரெய்டரின் நெஞ்சிலேயே கட்டிப் பார்த்தோம். அந்தப் பதிவை மாட்டிப் பார்த்த பையனுக்கு ஒரு நிமிடத்தில் குமட்டல் வந்துவிட்டது. அதை அன்றோடு விட்டோம். கேமரா அசையக்கூடாது, தலையை மட்டும்தான் பார்ப்பவர் அசைக்க வேண்டும்.

அன்று மாலை திரையில் காட்சிகளை ஓடவிட்டபோது, மாஸ்டர் தம் கையாலேயே நிறுத்தி நிறுத்திக் காட்டினார். இடது கார்னரில், அதாவது எதிரணி வரிசையின் இடது முனையில், நிற்பவனின் குதிகால் மேட்டிலிருந்து ஒரு விரல் அளவு எழும்புகிறது. அவனுக்குப் பக்கத்தில் கை கோத்து நிற்பவனின் தோள் அதற்கும் முன்னாலேயே திரும்பிவிடுகிறது. "சிராவயல் பொட்டல்ல மாடு பிடிக்கிறவன்கிட்ட கேளு. மாடு தலையைத் திருப்புறதுக்கு முன்னாடி திமிலு அசையும். இதுவும் அதேதான்" என்றார். எங்கள் பக்கத்துக் கபடிப் பையன்களில் பலர் மஞ்சுவிரட்டுப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த ஒரு வாக்கியம் நான் அரை மணி நேரம் விளக்கியிருந்தாலும் ஏறாததை அவர்களுக்கு ஏற்றிவிட்டது. ஒரு பயிற்சியாளர் ஒரு கருவியை எப்போது தம்முடையது என்று எண்ணத் தொடங்குகிறார் என்று யாராவது என்னிடம் கேட்டால், அந்தக் கேமராவை அவர் இடுப்பு உயரத்துக்கு இறக்கிய நேரத்தைத்தான் சொல்வேன். அவர் அதைத் திருத்தினார். திருத்தியதால் அதற்குப் பொறுப்பேற்றார். அதுவரை அது என் பொருளாக இருந்தது.

கிரிக்கெட்டில் நாங்கள் தோற்றோம். அதையும் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட் சொல்லித்தரும் தம்பிதான் எல்லாரிலும் இளையவர், எல்லாரிலும் ஆர்வமாக இருந்தவர். பேட்ஸ்மேன் நிற்கும் இடத்தில் கேமராவை வைத்துப் பந்துவீச்சைப் பதிவுசெய்தோம். எங்கள் கேமரா வினாடிக்கு 30 படங்கள் எடுப்பது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு வினாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் கடக்கிறது. அப்படியானால் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அது ஒரு மீட்டர் அளவு நகர்ந்துவிடுகிறது. திரையில் பந்து வரவில்லை, தாவித் தாவித் தோன்றியது. மேலும், சுற்றுப்புறம் முழுவதையும் எடுக்கும் கேமராவில், பார்ப்பவருக்கு ஒரு நேரத்தில் தெரிவது அதன் ஒரு பகுதி மட்டும் என்பதால், தூரத்தில் உள்ள சிறு பொருள் மங்கிவிடுகிறது. நல்ல பேட்ஸ்மேனின் கண், பந்து கையை விட்ட சற்று நேரத்திலேயே, அது தரையில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே தாவிவிடுகிறது என்று மைக்கேல் லாண்ட், பீட்டர் மெக்லியாட் இருவரும் 2000-இல் ஆய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். அந்தப் பார்வையைப் பழக்க எங்கள் பதிவு உதவவில்லை. கணினியே பந்தை உருவாக்கிக் காட்டும் கிரிக்கெட் செயலிகள் உண்டு. அவற்றில் படம் சீராக வரும், ஆனால் மட்டையின் கனமும் பந்து படும் அதிர்வும் வேறு. மட்டை வீச்சு கெட்டுவிடும் என்று தம்பி அஞ்சினார். நான் வற்புறுத்தவில்லை. பந்துவீச்சாளரின் ஓட்டத்தையும் மணிக்கட்டையும் மட்டும் பார்க்க எப்போதாவது பயன்படுத்துகிறார். மற்றபடி வலைப்பயிற்சியும், கையால் எறியும் பந்தை அடித்துப் பழகுவதும்தான். இந்த மறுப்பை நான் தோல்வியாக எழுதினாலும், பிள்ளைகளின் கையைக் காத்த சரியான முடிவு அது.

இனி, நாள்தோறும் கையாளும்போது தெரிந்துகொண்டவை. இவை சிறியவையாகத் தோன்றும். ஆனால் பயிற்சியாளர்கள் கருவியை மூலையில் வைத்துவிடுவது பெரும்பாலும் இவற்றால்தான்.

அந்த வளவில் கருவி அடிக்கடி இடம் தெரியாமல் திணறியதற்குக் காரணம் முகப்பில் மாட்டியிருந்த பழைய பெல்ஜியம் கண்ணாடிகள் என்று பின்னர்தான் தெரிந்தது. கருவியின் முகப்பில் உள்ள கேமராக்கள் சுற்றுப்புறத்தைப் பார்த்தே தன் இருப்பிடத்தைக் கணிக்கின்றன. கண்ணாடியில் தெரியும் பிம்பம் அவற்றைக் குழப்பும். நேர் வெயிலிலும் இருட்டிலும் அதே சிக்கல். இப்போது பள்ளியின் ஓர் அறையில் தரையில் சணல் விரிப்பு போட்டு, ஜன்னலுக்குத் திரை போட்டு வைத்திருக்கிறோம். வழவழப்பான கல் தரையில் வெறுங்காலோடு யாரையும் நிற்கவைத்து இதை மாட்டக்கூடாது.

வெயிலைப் பற்றி ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டேன். கருவியைக் குப்புற வைக்காமல், கண்ணாடி வில்லைகள் மேலே பார்த்தபடி முற்றத்துத் திண்டில் சிறிது நேரம் வைத்துவிட்டேன். முற்றத்தில் வெயில் இறங்கியது. பூதக்கண்ணாடி வழியே வெயிலைக் குவித்துத் தாளை எரிப்பது போல, வில்லை வழியே குவிந்த ஒளி உள்ளிருக்கும் திரையைச் சுட்டுவிட்டது. இன்றும் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி இருக்கிறது. எங்கள் பக்கத்து வெயிலுக்கு, பயன்படுத்தாத நேரத்தில் துணியுறை கட்டாயம்.

நெற்றியில் படும் பஞ்சுப் பட்டை அடுத்தது. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்து, திருநீறு பூசிவரும் பிள்ளைகள் பத்துப் பேர் மாட்டியபிறகு அந்தப் பட்டை சாம்பல் நிறத்தில் பிசுபிசுத்துப் போனது. தோல் அரிப்பு வரும் என்று பெற்றோர் கவலைப்பட்டார்கள், நியாயமான கவலை. துடைத்தெடுக்கக்கூடிய சிலிக்கோன் உறை வாங்கிப் போட்டோம். ஒவ்வொருவருக்கும் நெற்றித்துணி ஒன்று என்று டீச்சர் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்துக்கொடுத்தார். வில்லையை உலர்ந்த மென்துணியால் மட்டுமே துடைக்க வேண்டும். சானிடைசர் பட்டால் மேற்பூச்சு கெடும்.

கருவியின் எடை ஏறக்குறைய அரைக் கிலோ. அது முழுவதும் முகத்தின் முன்பக்கம் தொங்குவதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கிறது. அதனால் ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். ஒரு கருவி, 24 பிள்ளைகள் என்றால் மாட்டிக் கழற்றும் நேரத்தைச் சேர்க்காமலே இரண்டு மணி நேரம் போய்விடும். மாலையில் வெளிச்சம் இருக்கும் ஒன்றரை மணி நேரத்தில் எந்தப் பயிற்சியாளர் அதற்குச் சம்மதிப்பார்? நாளுக்கு ஆறு பேர், வாரத்துக்கு இரண்டு நாள், மற்றவர்கள் மைதானத்தில் என்று பிரித்தபிறகுதான் டீச்சரின் முணுமுணுப்பு நின்றது. வயது பற்றியும் கண்டிப்பு தேவை. எங்களுக்குக் கருவி வந்தபோது 13 வயதுக்கு உட்பட்டோருக்கு அது உரியதில்லை என்றே நிறுவனம் சொல்லியிருந்தது. 2023-இல் பெற்றோரின் கண்காணிப்பில் 10 வயது முதல் அனுமதித்தார்கள். நாங்கள் 13-ஐயே வைத்துக்கொண்டோம். வலிப்பு வந்த பிள்ளைகளுக்கு மருத்துவர் சொல்லாமல் மாட்டுவதில்லை. பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதோடு, ஒருமுறை அவர்களையே வரவழைத்து உட்காரவைத்துக் காட்டிவிடுகிறோம். விழுந்தால் யார் பொறுப்பு என்று டீச்சர் கேட்ட கேள்விக்கு எங்களால் தர முடிந்த பதில் அதுதான்.

கருவியின் பட்டியல்கள் ஆங்கிலத்தில் இருப்பது எங்கள் பயிற்சியாளர்களுக்குப் பெரிய தடையாக இருந்தது. மாணவனிடம் "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்க எந்த ஆசானுக்கும் மனம் வராது. இயக்குவது முதல் அணைப்பது வரை எந்தப் பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பதைப் படம் வரைந்து, தமிழில் எழுதி, ஒரே தாளில் அடக்கி, பிளாஸ்டிக் உறையிட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். பல மாதங்களாக என்னை அழைத்துக்கொண்டிருந்த டீச்சர், அந்தத் தாள் கிடைத்த வாரத்திலிருந்து என்னை அழைக்கவில்லை.

இதனால் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று கேட்பவர்களுக்கு எண்ணில் பதில் சொல்லும் அளவுக்கு எங்களிடம் ஆட்களும் இல்லை, அளவீடுகளும் இல்லை. நடு பிளாக் போகும் பெண்ணின் தலை இப்போது பந்தோடு மேலே போவதில்லை என்று டீச்சர் சொல்கிறார். அதில் கருவியின் பங்கு எவ்வளவு, அவர் ஓராண்டாகக் கத்தியதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை.

மாஸ்டர் இன்றுவரை அந்தக் கருவியை மறுபடி தலையில் மாட்டவில்லை. நானும் கேட்பதில்லை. பிள்ளை மாட்டியிருக்க, அவர் கைப்பேசித் திரையை உள்ளங்கையில் ஏந்தியபடி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கணக்குப் பிள்ளைகளின் பேரேடு போல நீளமான நோட்டு ஒன்று மடியில் இருக்கும். எந்தப் பையன் எந்த அசைவைத் தவறவிட்டான் என்று அதில் பேர் பேராக எழுதுகிறார். சென்ற வாரம் இரவு ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, சனிக்கிழமை காலையில திருப்பத்தூர்ப் பயலுக இங்க ஆட வர்றாய்ங்க. அவங்க வலது கார்னர்ல ஒருத்தன் இருக்கான், எப்ப வர்றான்னே தெரியல, நம்ம பயலுக மூணு பேரும் அவன்கிட்டயே மாட்டுறாய்ங்க. அவங்க மாஸ்டர்கிட்ட நான் பேசிட்டேன், படம் பிடிச்சுக்கங்கன்னுட்டாரு. நீ அந்தக் கேமராவை வாங்கிட்டு ஆறு மணிக்கெல்லாம் வந்துரு. குச்சியை நான் அளவு வெட்டி வச்சிருக்கேன்."